பெருமாள் தொட்ட இடம்

அக்கா வீட்டுக் கூடத்து ஆணியில் சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று நெடுநாள் தொங்கியது. நான்காக மடித்த அந்த மடிப்பை அக்கா கலைய விட்டதில்லை. அக்காவின் கணவர், என் அத்திம்பேர், அதைத் தோளில் வைத்து அதன் மேல்தான் பெருமாள் வாகனத்தின் தண்டைத் தாங்குவார். பகலில் திருவெறும்பூரில் லேத் பட்டறை வேலை. உற்சவம் வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துச் சின்னக் கோயிலில் முதல் தோள் அவருடையது. நாதஸ்வரம் கேட்டால் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்து ஓடுகிற மனிதர்.

போன வருஷ உற்சவத்தில் ஒரு நாள் தெருமுனையில் வாகனம் திரும்பும்போது தண்டு எகிறி அவர் காதுக்கு மேலே இடித்தது. ரத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம் யாரையும் அடையாளம் தெரியாதவர் போல விழித்தார், பிறகு சிரித்தார். "பெருமாள் தொட்டுட்டார்டா!" என்றார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கும் பெருமைதான், அடிபட்ட இடத்தில் திருமண் இட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தார். பெருமாள் திரும்பி எழுந்தருளும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது வாகனம் தாங்குகிறவர்கள் வழக்கம், அதனால் வெறும் வயிறு என்றோம். டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்று அணைக்கச் சொன்னார். தூக்கம் போதவில்லை என்றோம். "கோயில்ல எல்லாருக்கும் தீர்த்தம் குடுத்தாளா?" என்று கேட்டார், பதில் சொன்னோம், மறுபடியும் அதையே கேட்டார். குக்கர் விசில் அடித்ததற்கு அக்காவிடம் எரிந்து விழுந்தார். குரல் உயர்த்தியே பழகாதவர். எனக்கு அதுதான் சுருக்கென்றது. தில்லை நகரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினேன்.

"உற்சவம் முடியட்டும்டா. ஒரு தோள் குறைஞ்சா வாகனம் சாஞ்சுடும்."

மறுநாள் சாயங்காலமும் போனார். அதே தெருமுனையில் அவருக்கு நடை தப்பியது. வாகனம் சாயவில்லை, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்தான் சாய்ந்தார், தலை கருங்கல்லில் மோதியது.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "முதல் அடியிலேயே மூளை அதிர்ந்திருக்குங்க. காயம் இருக்கான்னு மட்டும் பார்த்திருக்கீங்க. வாந்தி, குழப்பம், கோபம், கேட்டதையே கேட்கறது, இதெல்லாம்தான் அடையாளம். அன்னிக்கே கூட்டிட்டு வந்து ரெஸ்ட்ல வெச்சிருந்தா..." அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெருமாளிடம் எனக்கு வருத்தமில்லை. அவர் தொட்டார் என்று நாங்கள் பூரித்து நின்றோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உயிர் பிழைத்தார். வாரா வாரம் ஆட்டோவில் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள் அக்கா. சட்டைப் பித்தான் போட இப்போதுதான் மறுபடி பழகியிருக்கிறார். வெளிச்சமும் சத்தமும் மட்டும் அவருக்கு இன்னும் ஆகவில்லை.

இந்த வருஷ உற்சவத்தின்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். தூரத்தில் நாதஸ்வரம் கேட்டதும் அத்திம்பேர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார். அக்கா ஜன்னலைச் சாத்தினாள். பழைய ஜன்னல், சரியாக மூடவில்லை. ஆணியிலிருந்த துண்டை எடுத்தாள், மடிப்பைப் பிரித்தாள், சுருட்டி அந்த இடுக்கில் திணித்தாள்.

"யாருடி வரா?" என்று கேட்டார் அத்திம்பேர்.

"யாரும் வரலே. நீங்க படுத்துக்கோங்கோ."