சாவிக்காரர் போட்ட மூன்று பூட்டு

சாவிக்காரர் எந்தக் கதவின் முன்னாலும் திருதிருவென்று விழித்தவர் இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு, கம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கம்ப்யூட்டர் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்துவிட்டது.

அதை வாங்கியதே அக்காவுக்காக. அம்மா போன பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. இப்போது வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். காது சுத்தமாகக் கேட்காது. போனில் பேசிப் பயனில்லை. முகத்தைக் காட்டினால் உதட்டைப் பார்த்தே அத்தனையும் புரிந்துகொள்வாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த இல்லத்தின் வலைப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அக்கா அங்கே வந்து உட்கார்ந்ததும் இங்கே திரையில் ஒரு சின்னக் கட்டம் குதித்து எழும். அதை அழுத்தினால் அக்காவின் முகம். வாரம் முழுக்க அவர் நாயாய் அலைவது அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான்.

கெட்டது விளம்பரத்தால். ஒரு பழைய பூட்டைக் கழற்றும் வழி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், மெத்தை வாங்கு என்கிறது, முடி வளரும் என்கிறது, தொப்பை கரையும் என்று ஒருத்தி நடுத்திரையில் வந்து ஆடுகிறாள். ஒருநாள் தெரியாத்தனமாக எதையோ அழுத்தப்போய், திரை முழுக்கக் கண்டதெல்லாம் வந்து கொட்ட, மனுஷன் ஒயரையே பிடுங்கிவிட்டார். விளம்பரத் தடுப்பான் என்று ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. தொழில் புத்தி விடுமா? வீட்டுக்கு ஒரே ஒரு பூட்டுப் போடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒன்று போனால் இன்னொன்று நிற்க வேண்டும். மூன்று தடுப்பான்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மூன்றையும் இருப்பதிலேயே கடுமையான நிலையில் வைத்தார்.

அதோடு விளம்பரம் ஒழிந்தது. எத்தனை தடுத்தோம் என்ற எண் மட்டும் திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போனது. மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

"காலையிலேர்ந்து எத்தனை பேரை வெளிய நிறுத்தியிருக்கேன் பாரு."

"நல்லா நிறுத்துங்க. அந்த மெத்தை என்ன விலைன்னு பாக்கணும்னு இருந்தேன், அதுவும் போச்சு," என்றாள் அவள்.

அந்த ஞாயிறு அக்கா வரவில்லை. பக்கம் திறந்தது, இல்லத்தின் படம் இருந்தது, கட்டம் மட்டும் குதிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அதே கதைதான். நெட் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, பிறகு என்னதான் கேடு? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் மனசு தானாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைக்கும். கடைசியாகப் பேசியபோது, அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கையில், "ஒருத்தர் வீட்டுக்கு வெளிய நிக்கிறார்க்கா" என்று பாதியில் எழுந்து ஓடியிருந்தார். அதற்குக் கோபமா? அதற்குப் போய் இவ்வளவு கோபமா? நான் என்ன ஊர் சுற்றவா போனேன்? அவருக்கும் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"அங்க ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"அவ மூஞ்சியத் திருப்பிக்குவா, நான் போய்க் கெஞ்சணுமா?"

"அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. நம்பரைக் குடுங்க, நான் கேக்கறேன்."

அவளே போட்டாள். இல்லத்து நர்ஸ் எடுத்ததும் படபடவென்று பிடித்துக்கொண்டாள். "என்னங்க நீங்க, வாராவாரம் கூப்பிடறோம், உங்க பக்கம் எடுக்கவே மாட்டேங்கறீங்க. போன் பண்ணிச் சொல்லலாம்னா, அவனைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு அக்கா தடுத்துடறாங்க. இப்பகூட தலை சீவிக்கிட்டு திரை முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

சாவிக்காரர் போனைப் பிடுங்கினார். "இங்க ஒண்ணுமே வரலையேம்மா."

"விளம்பரத்தைத் தடுக்க ஏதாவது போட்டிருக்கீங்களா? எங்க கட்டத்தையும் விளம்பரம்னு நெனச்சு அமுக்கியிருக்கும். எங்க பக்கத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைங்க, போதும்."

அவர் போனை மனைவி கையில் திணித்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தார். தடுப்பானைத் தேடி அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிறுத்தினார். கட்டம் வரவில்லை. ஞாபகம் வந்து இரண்டாவதையும் நிறுத்தினார். அப்போதும் வரவில்லை. "இதுவும் இல்லேன்னா, பின்ன எதுதான்?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணு போட்டேன்னு பெருமையடிச்சீங்களே, மூணாவது எங்க?" என்றாள் மனைவி.

மூன்று பூட்டுப் போட்ட கதவில் இரண்டை மட்டும் திறந்துவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார், அதுவும் இவர். மூன்றாவதையும் நிறுத்தி, பக்கத்தைப் புதுப்பித்தார். கட்டம் குதித்தது.

அக்கா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல கோவமாக்கா?"

"எனக்கென்னடா கோவம்? யாரோ வீட்டுக்கு வெளிய நிக்கிறாங்க, நீ தொறந்துவிடப் போயிருக்கேன்னு நெனச்சேன். இங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பாவம், வெளிய நிக்கிறவங்களுக்குத்தானே அவசரம். நான் இருந்துக்குவேன்."

"நீதான்க்கா வெளிய நின்னே," என்றார் சாவிக்காரர். அழுகையில் உதடு கோணிக்கொண்டது. அக்காவால் அதைப் படிக்க முடியவில்லை.

"என்னடா சொல்றே? மூஞ்சிய நேரா வச்சுக்கிட்டுச் சொல்லு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதடு தெரியும்படி மெதுவாக இன்னொரு தடவை சொன்னார்.