மாமாவின் கள்ளப் பெட்டி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மாவின் தம்பி ஒரு பெரிய ஏமாற்றுக்காரர் என்று கண்டுபிடித்தேன். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மாமா ஒரு கிற்றாரோடும், என் நெஞ்சளவு உயரமான அம்ப்ளிபயர் பெட்டியோடும் குடியிருந்தார். அவர் வாசிக்கத் தொடங்கினால் அலுமாரிக்குள் கோப்பைகள் குலுங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். மாமா கண்டுகொள்ளவே மாட்டார்.

அவருக்குக் குரு யாரோ ஓர் அமெரிக்கர். பலகையில் ஏறிக் கடலலைமேல் சறுக்குவாராம். கரைக்கு வந்து அதே அலையின் இரைச்சலைக் கிற்றாரில் கொண்டுவரப் பார்ப்பாராம். அவருடைய சத்தம் தாங்காமல் பெட்டிகள் புகைந்துபோக, செய்தவர்கள் இன்னும் பெரிதாகச் செய்துகொடுத்தார்களாம். இன்றைக்கு மேடைகளில் முழங்குகிற கிற்றார் எல்லாம் அந்த மனிதர் போட்ட பிச்சை என்பார் மாமா. நான் ஒன்றையும் நம்பவில்லை.

சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். மாமா தந்தியிலிருந்து கையை எடுத்த பிறகும் பெட்டிக்குள் சத்தம் கொஞ்ச நேரம் அலைந்துகொண்டிருந்தது. கேட்டால், உள்ளே சுருள்கம்பி இருக்கிறது, சத்தம் அதில் ஓடி எதிரொலித்து வருகிறது என்றார். எங்கள் கீபோர்டில் ஒரு பொத்தானை அமத்தினால் முழுப் பாட்டும் தானாகப் போகும். இதுவும் அப்படித்தான் என்று முடிவுகட்டினேன். வாசிப்பது பெட்டி, மாமா விரலை மட்டும் ஆட்டுகிறார். அவருக்குப் பின்னால் நின்று, பொய்தானே என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பதில் வந்ததில்லை. குற்றமுள்ளவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்தானே.

மடு மாதா திருநாள் பூசைக்கு எங்கள் பாடகர் குழாமில் மாமாதான் கிற்றார். ஆனால் குழாமை நடத்திய அன்ரி சத்தத்தைப் பற்றி இரண்டு தடவை சொல்லியாயிற்று. அடுத்த ஒத்திகையிலும் ஏதும் பிழைத்தால் கீபோர்ட் மட்டும் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாமாவுக்கு வாரம் முழுக்க அதே யோசனை. லண்டனில் அவருக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது.

ஒத்திகையன்று தேவாலய மண்டபத்தில் முதல் பாட்டுத் தொடங்கியதும் நான் பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிற்றார்ச் சத்தம் நின்றது. மாமா நிற்கவில்லை. கண்ணை மூடி, காலால் தாளம் போட்டபடி வாசித்துக்கொண்டே இருந்தார். சிலர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார்கள். பாட்டு முடியும் நேரம் கணக்காக நிறுத்தி, தலையை ஒரு ஆட்டு ஆட்டி, அடுத்த பாட்டைத் தொடங்கினார். யாரும் பாடவில்லை. அன்ரி பாட்டுக் கொப்பியை மூடிவிட்டார்.

அம்மா போய் அவருடைய தோளைத் தொட்டார். மாமா கண்ணைத் திறந்து எல்லாருடைய முகங்களையும், பிறகு என் கையிலிருந்த வயரையும் பார்த்தார். கோபிக்கவில்லை. எனக்கு முன்னால் குந்தியிருந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நேரமாப் பிள்ளை சத்தம் வரேல்லை?"

"முதல் பாட்டிலயிருந்து, மாமா" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பெருமையாகச் சொன்னேன்.

அதற்குக்கூட அம்மா எனக்கு அடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பியின் கள்ளம் வெளிப்பட்ட வெட்கத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், பெரிய மனது பண்ணி, மாமாவை மன்னித்துவிட்டேன்.