பிள்ளையும் திராட்சையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ டவுனுக்குக் குடிவந்தோம். என் கணவர் லோரி ஓட்டினார். எனக்கு வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்தது. இரட்டைதான் என்று பார்த்தவர்களெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இவரும் இரண்டு தொட்டில் கட்ட இடம் தேட ஆரம்பித்துவிட்டார்.

லேசாக இரத்தம் பட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரும் இரட்டை என்றுதான் சொன்னார். ஆனால் பிள்ளை ஒன்றுதான். மற்றது உருவாகவே இல்லை. நஞ்சுக்கொடி மட்டும் நீர்க்கொப்புளங்களாகக் குலைகுலையாய் வளர்ந்திருந்தது. சுமந்தால் இரத்தம் கொட்டலாம், பிறகு புற்றாகவும் மாறலாம், இரண்டையும் எடுத்துவிடுவதுதான் எனக்கு நல்லது என்றார். நான் அழுதுகொண்டே படுத்திருந்தேன்.

வெளியே நின்ற இவரிடம் மலாய் நர்ஸ், "ஆடா அனாக், ஆடா அங்கூர்" என்றாராம். பிள்ளையும் இருக்கிறது, திராட்சையும் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கோளாறுக்கு மலாயில் திராட்சைக் கர்ப்பம் என்று பேர். அது இந்த மனிதருக்கு எங்கே தெரியும்? நேரே மார்க்கெட்டுக்குப் பறந்து, பெரிய பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"புள்ளைக்கு அங்கூர் நல்லதாம் லா. சாப்புடு!"

அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் இவர் முகம் செத்துவிட்டது.

"எனக்கு நீ இருந்தா போதும். எடுத்துரச் சொல்லுவோம்."

"முடியாதுங்க. அந்த டிவில அது நெஞ்சு துடிச்சத நான் பாத்துட்டேன்."

என் பிடிவாதம் ஊரறிந்தது. டாக்டர் முணுமுணுத்தபடியே சம்மதித்தார். பாதி நாள் வார்டில்தான் கிடந்தேன். நர்சுகளுக்கு நான் 'அங்கூர் அக்கா' ஆகிப்போனேன். ஒருநாள் இரத்தம் நிற்காமல் போய், உடனே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். மகள் குறைமாதத்தில், ஒரு பிடிதான் இருந்தாள். குரல் மட்டும் வார்டையே தூக்கியது.

அந்த நஞ்சுக்கொடியின் மிச்சம் உள்ளே வளர்கிறதா என்று அதன்பிறகும் இரத்தப் பரிசோதனை ஓய்வில்லாமல் நடந்தது. ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. கடைசியில், "இனி வர வேண்டாம், சுத்தமாகிவிட்டது" என்று அனுப்பிவைத்தார்கள்.

அன்று இவர் மறுபடியும் திராட்சை வாங்கி வந்தார். எனக்குத் தொடவே மனம் வரவில்லை. நடக்கப் பழகியிருந்த மகள் தத்தித் தத்தி வந்து, ஒன்றைப் பிடுங்கி, வாயில் வைத்து நசுக்கிச் சாறு வழியச் சிரித்தாள்.

"கூடப் பொறந்ததையே தின்னுட்டா பாரு லா!" என்றார் இவர்.

நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.