துடுப்புக்கு ஆள் வேண்டாம்

நகரியிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போய்வர மகள் செல்போனில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ், மலிவான அறை, கட்டுச்சோறு எல்லாம் முடிந்து படகுக்கு வந்தாள். "துடுப்பு போட ஆள் வெச்சா தனி காசாம். வெச்சிக்கலாமாம்மா?"

ஏரித் தண்ணீரின் பாசி வாசனை எனக்குச் சட்டென்று மூக்கில் ஏறியது. நாற்பது வருடத்துக்கு முன் அதே கரையில் என் நைனாவும் இதையேதான் அம்மாவிடம் கேட்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறித் துடுப்பைப் பிடித்துவிட்டாள். அதுவரை அவள் படகில் கால் வைத்ததே இல்லை. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வாணாம்மே, எறங்கிடலாம்," என்றார் நைனா. ஈரம் படாமலிருக்க எங்கள் எல்லோருடைய செருப்புகளையும் மடியில் கட்டிப்பிடித்திருந்தார்.

"கம்முனு குந்துங்க. தெனம் அம்பது கொடம் எறைக்கிற கை இது."

துடுப்பு கிறீச்சிட, பனிக்குள் எதிர்க்கரை வரை போய்த் திரும்பினாள். சிரித்தவர்களே கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்துக் கட்டினார்கள். ஊர் திரும்பியதும் நைனா தெரு முழுக்கச் சொன்னார்: "எங்க ஊட்டம்மாதான் ஓட்டிச்சி!"

"என்னம்மா, ஆள் வெச்சிக்கலாமா?" மகள் மறுபடியும் கேட்டாள்.

"வாணாம், நானே போடுறேன். செருப்ப மட்டும் உங்கப்பாவ புடிச்சிக்கச் சொல்லு."