வேப்பிலை இல்லாத வீடுகளின் கணக்கு

இந்த ஊரில் பிள்ளைக்கு அம்மை கண்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விளையாடக் கூப்பிடுகிறார்கள். நான் கதை கட்டுவதாக நினைக்க வேண்டாம். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் பக்கத்து வீட்டு மார்கரெட் வந்து மணியடித்தாள். மணியடித்தால் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது என் வழக்கம். வந்தவர் திரும்பிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நினைவுக்கு வரும். கதவைத் திறந்த என் மகள் வசந்தாவிடம், தன் மகனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் என்று, கல்யாணச் சேதி சொல்பவளைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பேத்தியை அனுப்ப வேண்டுமாம், கேக்கும் செய்து வைத்திருக்கிறாளாம். சின்ன வயதிலேயே வந்து போய்விட்டால் வளர்ந்த பிறகு தொந்தரவில்லை என்பது இவர்கள் எண்ணம் என்று வசந்தா எனக்கு விளக்கினாள். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போடியில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இங்கிலாந்தில் மழை ஓயாத இந்த ஊருக்கு வந்தது பேத்தியைப் பார்த்துக்கொள்ள. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. பகலில் அவரை வெறும் குறட்டையாகத்தான் எனக்குத் தெரியும். வசந்தாவுக்கு மேல்படிப்பு. அதன் பெயர் எபிடெமியாலஜி. எந்த ஊரில் யாருக்கு என்ன நோவு, அது எதனால் வந்தது, பக்கத்து வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று விசாரிக்கிற படிப்பாம். எங்கள் தெருக் குழாயடியில் இதைத்தானே பெண்கள் காலங்காலமாகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தி காலையில் இருமினால் பொழுது சாய்வதற்குள் காரணத்தோடு நான்கு தெருவுக்குத் தெரிந்துவிடும். என்ன, எங்களுக்கு யாரும் கறுப்பு அங்கி போர்த்திப் பட்டம் கொடுத்ததில்லை.

படிப்பு முடிய அவள் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். போன வருஷம் சித்திரையில் எல்லோரும் ஊருக்குப் போனது அதற்காகத்தான். போடி மலையில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் உண்டு. அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மணல்வாரி அம்மை வந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் சோலி. எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லையாம், சீட்டுக் குலுக்கி விழுகிற வீட்டுக்குப் போனால் போதுமாம். “இதுக்குப் பேரு சாம்பிள்மா” என்றாள். ஏலக்காய்க் கமிஷன் கடையில் காலம் தள்ளிய மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்தச் சொல் புதிதில்லை. மூடைக்கு ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தானே அங்கே விலை சொல்வார்கள். கணக்கெடுக்க, பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து பத்தாவது முடித்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினோம். நான் சமையலுக்கும் பேத்திக்கும். பொழுதெல்லாம் அவர்கள் பின்னாலேயே பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். சரிவில் ஏலச்செடி வாசமும் அட்டைப்பூச்சியும் சம அளவில் இருந்தன.

திரும்பி வந்து கணக்குப் போட்டதில் பெரிய அதிசயம் வெளிப்பட்டது. கீழே போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிள்ளைகளை வாட்டும் அம்மை, மேலே ஏலமலையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வசந்தாவின் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஏலக்காய் வாசத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவரே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, மலைப் பிள்ளைகள் ஏலக்காய் நிறையத் தின்பார்களா என்று என்னைக் கேட்டார். கூலிக்குப் பழம் எடுக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு ஏலக்காய் தின்னக் கொடுத்தால் கங்காணி என்ன செய்வான் என்று சொல்ல எனக்கு வார்த்தையும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. கூச்சத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அதில் வழக்கம்போல இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டிருந்தேன். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு மகளைப் பார்த்துத் தலையசைத்தார். என் பதில் கிடைத்துவிட்டதாம். அன்றிலிருந்து அவரும் டீயில் ஏலக்காய் போட்டுக் குடிப்பதாகக் கேள்வி. வசந்தாவுக்குப் பட்டம் உறுதி, வெயில் காலம் வந்தால் எல்லோரும் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பேச்சு. நான் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் துடைத்து வைத்தேன்.

இந்த நிலையில்தான் மார்கரெட் கேக்கோடு கூப்பிட்டதும் நான் கதவைச் சாத்தியதும். வெளியே நின்று வசந்தா சிரித்தாள். “ஏம்மா, இப்பிடியா அடைச்சுக்கிட்டு உக்காருவ?”

“பெறகு? அம்மை போட்டிருக்குற வீட்டுக்கு எவளாச்சும் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவாளா?” என்றேன்.

சிரிப்பு நின்றது. பிறகு குரல் மாறிக் கேட்டாள்: “அம்மா, மலையில வேப்பிலை சொருகியிருந்த வீடுக இருந்துச்சுல்ல. அதுக்குள்ள நாம போனமா?”

“அதெப்பிடிப் போறது? ஆத்தா இறங்கியிருக்குற வீடு. நீதான மொதல்ல செருப்பக் கழட்டிக் கும்பிட்டுட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்புன. நீ திரும்பவும் கூட வந்த அந்த ரெண்டு பிள்ளைகளும் திரும்பிருச்சுக.”

கதவைத் திறந்து பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு உயரத்தில் வேம்பு முளைக்காது. அரிசி லோடு ஏறி வரும் ஜீப்பில் போடியிலிருந்து கொத்துக் கொத்தாக வரும். அந்த லோடு வந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சீட்டில் விழுந்த வீட்டில் வேப்பிலை தொங்கினால் பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டோம். அம்மை இருக்கிற வீட்டையெல்லாம் பக்தியோடு விட்டுவிட்டு, இல்லாத வீடுகளில் போய் அம்மை உண்டா என்று கேட்டு வந்திருக்கிறோம். கேள்வி கேட்க இங்கிலாந்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கால் என்னவோ போடிக் காலாகவே இருந்திருக்கிறது.

“ஏலக்காய்க் கடையில இருந்தவரு மகளாப் பெறந்துட்டு, மூடையில மேலாப்புல கெடந்த காய மட்டும் பாத்து வெல சொல்லிட்டு வந்துட்டேனேம்மா” என்றாள்.

பேசாமல் இருந்திருந்தால் பட்டம் வந்திருக்கும். யாரும் குரங்கணி ஏறிப் பார்க்கப் போவதில்லை. நானும் மனதுக்குள் அப்படி நினைத்தேன், பெட்டி துடைத்தவள் ஆயிற்றே. ஆனால் அந்த வீடுகளுக்குள் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். மலையில் அம்மை இல்லை என்று எழுதிவிட்டால் ஊசி போட அங்கே யாரும் ஏறப்போவதில்லை என்று அவள் சொன்ன பிறகு நான் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மறுநாளே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர், திரும்பப் போ, எல்லா வீட்டுக்கும் போ என்றாராம். பட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. டீயில் ஏலக்காயை அவர் விட்டாரா என்பது மட்டும் தெரியவில்லை.

பங்குனியில் வசந்தா என் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போடிக்குக் கிளம்பினாள். ஊருக்குப் போகத் துடித்தவள் இங்கே, பட்டம் வாங்கிவிட்டுப் போகலாம் என்றிருந்தவள் அங்கே. அவள் போன இரண்டாம் மாதத்தில் பேத்திக்குக் கொப்புளம் கண்டது. கேக் தின்னப் போகாவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது. வேம்புக்கு எங்கே போவேன்? தெருமுனையில் ஒரு மரம், ஈர்க்கில் வரிசையாக இலை பிடித்து, தூரத்தில் பார்த்தால் வேம்பேதான். பெயர் ஆஷ் என்றார் மாப்பிள்ளை. யாரும் பார்க்காத நேரமாக ஒரு கொத்து ஒடித்து வந்து வாசல் கதவில் சொருகினேன். மனசு சமாதானமானது. இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

அன்றைக்கே மணியடித்தது. பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்த மார்கரெட், கூடவே அறியாத ஒருத்தி, அவள் கையில், எங்கள் வீட்டு அம்மையை வாங்கிக்கொள்ள ஒரு குழந்தை. கதவில் இருந்த இலையைத் தொட்டுத் தொட்டு அழகு, அழகு என்றார்கள். விருந்தாளிகளை வரவேற்கத்தான் கட்டியிருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தட்டில் கேக்.

அந்நேரம் என் மகள் ஏலச்சரிவில் ஏதோ ஒரு லைன் வீட்டு முன்னால், செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, வேப்பிலையை விலக்கி உள்ளே போய்க்கொண்டிருப்பாள். நான் இங்கே கதவை முழுக்கத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. ஒரு கை கேக்குத் தட்டை வாங்கிக்கொள்ள, மறு கை இலைக் கொத்தைப் பிடித்திருந்தது.