ஜெகோபேயின் தாத்தாவும் ஒரு முதலையும்

என் கணவன் ஜெகோபே வேலை செய்து நான் பார்த்ததில்லை. வேலையைப் பற்றிப் பேசித்தான் பார்த்திருக்கிறேன். பிஜியில் ரேவா ஆறு கடலில் சேருமிடத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். பெண்கள் நாங்கள் தொடையளவு சேற்றில் இறங்கி, வேருக்கடியில் கையை விட்டு நண்டு பிடிப்போம். இவன் கரையில் உட்கார்ந்து, கையை எப்படி விட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு தொழில் வாய்த்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சேற்றைப் பார்க்க ஆசை வந்துவிட்டதாம். சொந்த வீட்டில் பிள்ளை சேற்றுக்காலோடு நுழைந்தால் கத்துகிற ஜனம், விமானம் ஏறி வந்து எங்கள் சேற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. ஜெகோபே தன் அண்ணன் கழித்துப்போட்ட படகுக்குப் பச்சைச் சாயம் பூசினான். தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு வழிகாட்டி ஆகிவிட்டான்.

மரங்களைப் பற்றி அவன் சொன்னது கொஞ்சம்தான். வந்தவர்கள் வாயைப் பிளந்தது தாத்தா கதைக்கு. வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வளைவில் படகை நிறுத்தி, இங்கேதான் என் தாத்தா முதலையோடு மல்லுக்கட்டினார் என்பான். பிஜியில் முதலையே கிடையாது. அந்தத் தாத்தாவும் வாத்து எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவர் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்று, அந்தப் படகு வந்த பிறகுதான் ஜெகோபே காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்தான்.

கடற்கரையில் இருக்கும் பெரிய ஹோட்டலின் மேனேஜர் ஒருநாள் வந்தார். படகில் போய்ப் பார்த்துப் பிடித்திருந்தால் வாராவாரம் ஆட்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஜெகோபே குளித்தான், திருப்தியில்லாமல் மறுபடியும் குளித்தான். நான் நண்டைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு படகின் பின்னால் உட்கார்ந்தேன்.

மேனேஜரின் காரை ஓட்டிவந்த வைசலேயும் கூட ஏறினான். அங்கேதான் பிடித்தது சனி. அவன் மலை ஊர்க்காரன். அந்த ஊருக்கும் ஜெகோபேயின் ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம். இரண்டு ஊர்க்காரர்கள் சந்தித்தால் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் அவன் ஊருக்கே மானக்கேடு. இப்படி ஒரு முறையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

வைசலே முதலில் தொப்பியை எடுத்தான்.

"இந்த மண்டைக்கு எதுக்கு மச்சான் தொப்பி? காக்கா உக்காரட்டும்."

"எடுத்துக்கடா மலைப்பன்னி" என்று ஜெகோபே சிரித்தான். பிறகு வைசலே என் நண்டுக் கூடையைத் தன் மடியில் வைத்துக் காலி செய்தான். கடைசியில் இவனை நகர்த்திவிட்டு எஞ்சின் பிடியையும் பிடித்துக்கொண்டான். மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரைக்கு வந்ததும் தன் முடிவைச் சொன்னார். பயணம் நடக்கட்டும், ஆனால் கலகலப்பான இந்த வைசலேதான் வழிகாட்டி. அங்கே என்ன நடந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

வைசலே இவனைத் திரும்பிப் பார்த்தான். "இதையும் எடுத்துக்கிட்டேன் மச்சான்."

ஜெகோபே சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். அந்த முறைப்படி படகும் வைசலேயோடு போயிற்று. மறுநாளிலிருந்து வெயில் ஏறிய பிறகும் பாயில் கிடந்தான்.

பார்க்கச் சகிக்காமல் அவனை நண்டு பிடிக்க இழுத்துப் போனேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவனின் கட்டைவிரலை முதல் நண்டே கவ்வியது. அவன் விரலை உதறிக்கொண்டு நிற்கும்போது பச்சைப் படகு வந்தது, படகு நிறைய வெள்ளைக்காரர்களோடு. வைசலே அதே வளைவில் நிறுத்தி, இங்கேதான் என் தாத்தா முதலையோடு மல்லுக்கட்டினார் என்று ஆரம்பித்தான்.

ஜெகோபே முழங்கால் சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"தாத்தாவையாவது விட்டுட்டுப் போ மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வாய் மட்டும் கோணியது. இந்த உதவாக்கரைக்காக என் வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

"ஒங்க தாத்தா இனிமே எங்க தாத்தா" என்றான் வைசலே.

நான் எங்கோ கிழக்கே லாவு தீவுகளில் பிறந்தவள். அவர்களுடைய தெய்வம் எனக்கு யாரோ. சேற்றை மிதித்துப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தேன். இன்னொரு கையில் இன்னும் கொடுக்கைக் கட்டாத நண்டு இருந்தது.

"அவனுக்குக் கோவப்பட மொறையில்ல. எனக்கு இருக்கு. எறங்கு."

வைசலே என் முகத்தைப் பார்த்தான், நண்டைப் பார்த்தான். ஹோட்டல் கொடுத்த வெள்ளை ஷூவோடு சேற்றில் இறங்கினான். இதுவும் பயணத்தில் ஓர் அங்கம் என்று நினைத்து அந்த ஜனம் கைதட்டியது.

ஜெகோபே போகிற போக்கில் அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். முறைப்படி வைசலே சிரித்துத்தான் ஆகவேண்டும், சிரித்தான். இவன் படகில் ஏறி, நண்டு கடித்த விரலால் வளைவைச் சுட்டிக் காட்டினான். அன்று தாத்தா மல்லுக்கட்டியது இரண்டு முதலைகளோடு. மூன்றாவது வருவதற்குள் நான் நண்டு பிடிக்கப் போய்விட்டேன்.