பட்டாசின் மேல் போட்ட பழி

பீரங்கிப் படையில் பதினேழு வருடம் இருந்து, இரண்டு காதையும் தொலைத்துவிட்டு ஆமத்தூர் திரும்பினேன். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டதற்கு, 'சிவகாசிப் பக்கத்து ஆள், பட்டாசுச் சத்தத்தில் செவிடாகியிருப்பார்' என்று எழுதி மறுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்முறையீடு செய்தேன்.

விசாரணையன்று, வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் அடங்காமல் எழுந்து கத்தினேன்.

"எங்க ஊருல பட்டாசைச் செய்யத்தான் செய்வோம், சார். அங்கன ஒண்ணு வெடிச்சாலே ஊரே ஓடும். வெடிக்கிறது பூரா உங்க ஊருலதான்!"

அதிகாரிகள் மூவரும் வாயைத் திறந்து குலுங்கினார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்து, "என்னையவா வையிறீக?" என்று எகிறினேன்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு, கேஸ் கட்டின் மேல் எழுதிக் காட்டினார்: 'சிரிக்கிறாங்கய்யா. உட்காருங்க.'

அடுத்த மாதம் எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. தன் வாதத்தால்தான் ஜெயித்ததாக வக்கீல் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாராம். நல்லவேளை, என் காதில் விழவில்லை.